மெட்டை எங்கே வைப்பது?

வீணைக்கு மேளம் கட்டுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்கள் உங்களில் சிலராவது இருப்பீர்கள். கரி கலந்த மெழுகை இளக்கித் தண்டியின் இரு பக்கமும் வரப்பு போல ஏற்றுவார்கள். அதன்மேல் மெட்டுகளை ஒவ்வொன்றாக நிறுத்துவார்கள். ஸ்தாயிக்குப் பன்னிரண்டு, இரண்டு ஸ்தாயிக்கு இருபத்து நான்கு. தந்தியை மீட்டிக் காது கொடுப்பார்கள். மயிரிழை மேலே தள்ளுவார்கள், மறுபடி மீட்டுவார்கள், கொஞ்சம் கீழே இழுப்பார்கள். மெழுகு இறுகுவதற்குள் முடிவு செய்தாக வேண்டும். எங்கள் வீட்டு வீணைக்கு மேளம் கட்ட வந்த பெரியவரிடம் சிறுவயதில் கேட்டேன், "எந்த இடம்னு எப்படித் தெரியும் தாத்தா?" என்று. அவர் கையை எடுக்காமலே சொன்னார்: "சரியான இடத்துல வெச்சா தந்தி சிரிக்கும் தம்பி."

தந்தி சிரிக்கிற அந்த இடத்துக்கு ஓர் எண் உண்டா என்று கேட்டுக்கொண்டே வளர்ந்தவன் நான். இன்று கணினியில் அந்த எண்ணை எழுதி அடுத்த நொடியே கேட்க முடிகிறது. பிடிக்கவில்லையா, எண்ணை மாற்றலாம். மெழுகு இறுகுவதே இல்லை. சுருதிகளைத் தாமே வகுத்துக்கொள்ள உதவும் இந்த மென்பொருள்கள் என்ன செய்கின்றன, எதைச் செய்ய முடியாமல் நிற்கின்றன என்பதே இன்றைய பேச்சு.

முதலில் சிக்கலைச் சொல்லிவிடுகிறேன். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஏழு நரம்புகளுக்குப் பெயர் வைத்தது நம் மரபு. இன்றைய பேச்சில் ஷட்ஜம் முதல் நிஷாதம் வரை. குரலுக்கு மிக நெருங்கிய உறவு இளி, அதாவது பஞ்சமம். அதிர்வெண்ணில் சொன்னால் 2க்கு 3. அந்த இளியையே குரலாக வைத்து அதன் இளியைப் பிடியுங்கள். அதற்கும் இளி. இப்படிப் பன்னிரண்டு முறை நடந்தால் புறப்பட்ட ஷட்ஜத்துக்கே, ஏழு ஸ்தாயி மேலே, வந்து சேர வேண்டும் என்றுதான் நினைப்போம். சேர்வதில்லை. கொஞ்சம் தாண்டிப் போய்விடுகிறது. அந்தக் கொஞ்சத்தின் அளவு 23.46 சென்ட்.

சென்ட் என்பது ஒரு ஸ்தாயியை 1200 பங்காக்கினால் கிடைக்கும் ஒரு பங்கு. கீபோர்டில் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு நடுவே 100 சென்ட். இந்த அளவுகோலைக் கொண்டுவந்தவர் இங்கிலாந்தின் அலெக்ஸாண்டர் எல்லிஸ். பல நாட்டுச் சுரவரிசைகளை அளந்து 1885இல் அவர் வெளியிட்ட கட்டுரையில் அரேபியா, ஜாவா, சீனம், ஜப்பான், இந்தியா எல்லாம் வருகின்றன. சுரவரிசை இயற்கையாய் ஒன்றுதான் என்ற எண்ணம் தவறு, அது பலவிதம் என்று அவர் எண்களை வைத்துச் சொன்னார்.

இந்த 23.46 சென்ட்டை எங்கே ஒளித்து வைப்பது என்பதுதான் உலகம் முழுவதும் சுருதி வகுத்தவர்களின் வேலை. ஐரோப்பியர்கள் அதைப் பன்னிரண்டாகப் பிரித்து ஒவ்வொரு பஞ்சமத்திலும் ஏறத்தாழ 2 சென்ட் குறைத்துக்கொண்டார்கள். பியானோ அப்படிப் பிறந்த பன்னிரு சமப் பிரிவில்தான் ஒலிக்கிறது. நம்மிடம் வேறு கணக்கு இருந்தது. குரலுக்கு 4, துத்தத்துக்கு 4, கைக்கிளைக்கு 3, உழைக்கு 2, இளிக்கு 4, விளரிக்கு 3, தாரத்துக்கு 2. கூட்டினால் 22 அலகு. சிலப்பதிகார உரை வழியே நமக்குக் கிடைத்த கணக்கு இது. வடமொழி நூல்களும் 22 சுருதி என்றே பேசின. ஆனால் ஓர் அலகு என்றால் எவ்வளவு? எல்லா அலகும் ஒரே அளவா? அங்கேதான் சண்டை.

அந்தச் சண்டையில் இறங்கியவர்களில் நான் மிகவும் மதிப்பவர் தஞ்சை ஆபிரகாம் பண்டிதர். 1859இல் சாம்பவர்வடகரையில் பிறந்தவர், சித்த மருத்துவர். 1912இல் தஞ்சையில் சங்கீத வித்யா மகாஜன சங்கத்தைத் தொடங்கினார். மருந்தில் சம்பாதித்ததை இசை மாநாடுகளில் செலவழித்தார். 1917இல் வந்த அவருடைய கருணாமிர்த சாகரம் ஆயிரம் பக்கத்தைத் தாண்டும் நூல். பக்கம் பக்கமாக எண் அட்டவணைகள். கால்குலேட்டர் இல்லாத காலத்தில் ஒருவர் தசம புள்ளிக்குப் பின்னால் இத்தனை இலக்கங்களைத் துரத்தியிருக்கிறாரே என்று அந்தப் பக்கங்களைப் பார்க்கும்போதெல்லாம் மலைக்கிறேன். அவருடைய முடிவு: ஸ்தாயியில் 22 அல்ல, 24 சுருதி, அவை சம பாகங்கள். ஒவ்வொன்றும் 50 சென்ட்.

எதிர்ப்பக்கம் மராட்டியத்திலிருந்து கே. பி. தேவல், அங்கே நீதிபதியாக இருந்த ஆங்கிலேயர் எர்னஸ்ட் கிளெமென்ட்ஸ். இவர்கள் 22தான் என்றார்கள். அதற்கென்றே தனி ஆர்மோனியம் ஒன்றைச் செய்வித்தார்கள். 1916இல் பரோடாவில் அகில இந்திய இசை மாநாடு கூடியபோது பண்டிதர் அங்கே போய்த் தம் கொள்கையை எடுத்துரைத்தார். வெறும் பேச்சாக இல்லை. தம் மகள்களை அவை முன் பாடவும் வாசிக்கவும் வைத்து மெய்ப்பித்துக் காட்டினார். எண்ணைச் சொன்னவர் அதை ஒலித்தும் காட்ட வேண்டும் என்ற நேர்மை அது. ஈழத்தில் காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகளும் அப்படித்தான். அறிவியல் பயின்றவர். யாழின் நரம்புகளைக் கணக்குப் போட்டு மீட்டெடுத்த அவருடைய யாழ் நூல் 1947 ஜூனில் திருக்கொள்ளம்புதூரில் அரங்கேறியது. அடுத்த மாதமே அடிகள் மறைந்தார்.

இவர்கள் எல்லோருக்கும் இருந்த தடை ஒன்றே. ஓர் எண்ணைக் காதால் சோதிக்க ஒரு கருவியே செய்தாக வேண்டும். எண்ணை மாற்றினால் கருவியை மாற்ற வேண்டும்.

இப்போது இந்தத் திரையைப் பாருங்கள். ஸ்காலா என்ற மென்பொருள். நெதர்லாந்துக்காரர் மானுவேல் ஓப் டி கௌல் எழுதி இலவசமாகக் கொடுத்தது. இதோடு அவர் சேர்த்து வைத்திருக்கும் தொகுப்பில் உலகின் பல மூலைகளிலிருந்து ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட சுரவரிசைகள் இருக்கின்றன. நம் 22 சுருதியும் அதில் உண்டு. இதன் கோப்பு எவ்வளவு எளிமை என்று காட்டுகிறேன். ஆச்சரியக்குறியில் தொடங்கும் வரியை மென்பொருள் படிக்காது, அது மனிதருக்கான குறிப்பு. அடுத்து சுரவரிசையைப் பற்றி ஒரு வரி. அதற்கடுத்து எத்தனை சுரம் என்ற எண். பிறகு வரிக்கு ஒரு சுரம். புள்ளி வைத்து எழுதினால் சென்ட், 3/2 என்று எழுதினால் விகிதம். கடைசி வரி பெரும்பாலும் 2/1, மேல் ஷட்ஜம். கீழ் ஷட்ஜத்தை எழுத வேண்டியதே இல்லை, அது இருந்தே தீரும் என்று எடுத்துக்கொள்கிறது. தம்பூராவைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது உடனே புரியும். எந்தக் கட்டையில் எந்தச் சுரம், ஷட்ஜத்தின் அதிர்வெண் என்ன என்பதை இன்னொரு சிறு கோப்பு சொல்கிறது. இரண்டையும் சர்ஜ் போன்ற இலவச மென்கருவியில் ஏற்றினால் கீபோர்டு அந்தச் சுருதியில் பேசும்.

பண்டிதரின் வழக்கை இப்போது இந்த அவையிலேயே விசாரிப்போம். ஷட்ஜத்தை 240 ஹெர்ட்ஸில் வைக்கிறேன், கணக்கு எளிதாக வரும். சுத்தமான பஞ்சமம் 360. அந்தர காந்தாரம் 300, அதாவது 5/4.

(ஒலி இசைக்கப்படுகிறது.)

அசையாமல் நிற்கிறது, கேட்டீர்களா? இப்போது பண்டிதரின் 24 சம பாகம். பஞ்சமம் 14ஆவது சுருதியில், 700 சென்ட்டில் வருகிறது. சுத்த பஞ்சமத்துக்கு 2 சென்ட்தான் குறைவு. ஷட்ஜத்தோடு சேர்த்து ஒலித்தால் நொடிக்கு ஒன்றுக்கும் குறைவான விம்மல், அதாவது ஒலி ஏறி இறங்கும் துடிப்பு. உற்றுக் கேட்டால்தான் தெரியும். 22ஐயும் இதேபோல் சம பாகமாக்கிப் பார்ப்போம். பஞ்சமம் 709 சென்ட். நொடிக்கு மூன்று விம்மல். எந்த நாகஸ்வரக்காரரும் இதைப் பஞ்சமம் என்று ஒப்புக்கொள்ள மாட்டார். பஞ்சமத்தில் பண்டிதரின் 24, சமமான 22ஐ வென்றுவிடுகிறது.

இனி காந்தாரம். 24இல் அது எட்டாவது சுருதி, 400 சென்ட். நொடிக்கு ஒன்பதரை விம்மல். சுத்த காந்தாரத்துக்கு ஏறத்தாழ 14 சென்ட் கூடுதல். தம்பூராவின் ஷட்ஜத் தந்தியை நன்றாக மீட்டினால் அதற்குள்ளிருந்தே ஒரு காந்தாரம் கிளம்பும், சுயம்பு காந்தாரம் என்பார்கள் வித்வான்கள். அந்தத் தந்தியின் அதிர்வெண்ணைப் போல் ஐந்து மடங்கில் ஒலிக்கும் மேற்சுரம் அது. யாரும் மீட்டாமல் தானாக ஒலிக்கும் அந்தக் காந்தாரத்தோடு 400 சென்ட் காந்தாரம் மோதுகிறது. கீபோர்டு பக்கத்தில் இருந்தால் தம்பூரா மங்கிப்போனது போலத் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

22 என்பவர்கள் பெரும்பாலும் சம பாகம் கேட்பதில்லை என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். இன்று வழங்கும் 22 சுருதிப் பட்டியலை ஸ்காலாவில் எழுதினால் அடுத்தடுத்த இடைவெளி மூன்றே வகை: ஏறத்தாழ 22 சென்ட், 70 சென்ட், 90 சென்ட். முதல் வகை பத்து, இரண்டாவது ஐந்து, மூன்றாவது ஏழு. கூட்டினால் சரியாக ஒரு ஸ்தாயி. இதைக் கண்ட இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இந்தப் பட்டியலில் பஞ்சமமும் காந்தாரமும் விம்மலே இல்லாமல் நிற்கின்றன.

அப்படியானால் பண்டிதர் தோற்றாரா? அவசரப்பட வேண்டாம். இதே சுத்தமான பட்டியலிலிருந்து ரிஷபத்தை 9/8 என்றும் தைவதத்தை 5/3 என்றும் எடுத்துக்கொள்வோம். இப்போது ரிஷபத்தைக் குரலாக வைக்கிறேன். அதற்குத் தைவதம் இளியாக வேண்டும். கேளுங்கள்.

(ஒலி இசைக்கப்படுகிறது.)

முகம் சுளிக்கிறீர்கள். அது 680 சென்ட். பஞ்சமத்துக்கு 21 சென்ட்டுக்கு மேல் பள்ளம். குரலை இடம் மாற்றிப் பாலைகள் என்னும் சுரவரிசைகளைப் பிறப்பிப்பதற்குப் பண்ணுப்பெயர்த்தல் என்று பெயர். பண்டிதருக்கு அதுதான் இசையின் அச்சாணி. எந்த நரம்பிலிருந்து புறப்பட்டாலும் அதே உறவுகள் கிடைக்க வேண்டுமென்றால் சம பாகத்தைத் தவிர வேறு வழியில்லை. நகராத ஷட்ஜத்தின் மேல் பாடுகிறவருக்கு 5/4 வேண்டும். ஷட்ஜத்தை நகர்த்துகிறவருக்குச் சமப் பிரிவு வேண்டும். இருவரும் வெவ்வேறு கேள்விக்கு விடை எழுதினார்கள் என்பது என் தீர்ப்பு. நூறாண்டுக்கு மேல் புத்தகத்துக்குள் கிடந்த வழக்கு, பத்து நிமிடத்தில் உங்கள் காதுக்கு வந்துவிட்டது. அதனால்தான் இந்த மென்பொருளை நான் கொண்டாடுகிறேன்.

இதே வழக்கு வேறொரு ஊரிலும் நடந்தது. 1932இல் கெய்ரோவில் அரபு இசை மாநாடு கூடியது. பார்டோக், ஹிண்டெமித் எல்லாம் போயிருந்தார்கள். ஸ்தாயியை 24 சமக் கால் சுரங்களாக ஏற்கலாமா என்று அங்கேயும் வாதிட்டார்கள், ஒருமித்த முடிவு வரவில்லை. அந்த மரபில் வந்த கையாம் அல்லாமி என்ற கலைஞர், கவுண்டர்பாயிண்ட் என்ற குழுவோடு சேர்ந்து 2021இல் லெய்மா, அபோடோம் என்று இரண்டு மென்பொருள்களை வெளியிட்டார். உலாவியிலேயே இயங்குபவை. லெய்மாவில் சுருதியை வகுத்துக் கேட்கலாம், அபோடோமில் அதைக் கொண்டு இசை பிறப்பிக்கலாம். அவருடைய குறை எனக்கு நம் வீட்டுக் குறையாகவே பட்டது: இசை மென்பொருளைத் திறந்தவுடன் பன்னிரு சமப் பிரிவு காத்திருக்கிறது. மற்ற மரபுகள் எல்லாம் விதிவிலக்கு என்று பட்டியலின் அடியில் தள்ளப்பட்டிருக்கின்றன.

இதன் வேர் 1983இல் வந்த மிடி முறையில் இருக்கிறது. ஒரு கட்டையை அழுத்தினால் மிடி அனுப்புவது சுரத்தையல்ல, கட்டையின் எண்ணை. 0 முதல் 127 வரை. 60 என்றால் எந்த அதிர்வெண் என்பதைக் கருவி தானே முடிவு செய்துகொள்ளும். அது பன்னிரு சமப் பிரிவையே எடுத்துக்கொள்ளும். சுரத்தை வளைக்க ஒரு சக்கரம் உண்டு, ஆனால் அது அந்தத் தடத்தில் ஒலிக்கும் எல்லாச் சுரத்தையும் சேர்த்தே வளைக்கும். காந்தாரத்தை மட்டும் இறக்க முடியாது. ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனித் தடத்தில் அனுப்பி இதைச் சமாளித்தார்கள். பிறகு சுருதிப் பட்டியலையே கருவிக்கு அனுப்பும் தரமுறையும் வந்தது. பல கருவிகள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நிலைமை அண்மையில்தான் மாறுகிறது. 2024இல் வந்த ஏபிள்டன் லைவ் 12ஆம் பதிப்பில் சுருதி அமைப்புக்கென்றே இடம் கொடுத்துவிட்டார்கள். ஸ்காலா கோப்பை நேராகவே ஏற்றலாம்.

இவ்வளவு சொன்ன பிறகு, இந்த மென்பொருள் எங்கே நிற்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். கோப்பில் ஒரு சுரத்துக்கு ஒரு வரி, ஒரு புள்ளி. நம் சுரம் புள்ளியா? தோடியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் காந்தாரம் இலக்கணப்படி சாதாரண காந்தாரம். ஆனால் ஒரு நல்ல தோடி ஆலாபனையைப் பிராட் போன்ற ஒலி ஆய்வு மென்பொருளில் போட்டுக் கோட்டைப் பாருங்கள். ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவே அலை ஏறி இறங்குகிறது. சாதாரண காந்தாரம் என்று நாம் எழுதி வைத்த இடத்தைக் கடந்து போகிறதே தவிர அங்கே உட்காருவது அரிது. அலையே காந்தாரம். நிறுத்திப் பிடித்தால் தோடி போய்விடும். கமகத்தோடு கர்நாடக இசையைக் கணினி வாசிக்க வேண்டுமென்று எம். சுப்ரமணியன் காயகா என்ற மென்பொருளை எழுதினாரே, அவர் சுரத்தைப் புள்ளியாக விடாமல் அதன் போக்கையே எழுத வேண்டியிருந்தது.

எனக்கே நேர்ந்த ஒன்றைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் எனக்குத் தெரிந்த ஒரு பெண் ஒலிப்பதிவுக்கூடம் ஒன்றில் தோடி விருத்தம் பாடினாள். ஒரு வாரம் கழித்துப் பதிவு வந்தது. கேட்டால் வேறு யாரோ பாடியது போல இருந்தது. சுருதி திருத்தும் மென்பொருளை ஓட்டி, அவளுடைய அசைவுகளைப் பக்கத்துக் கட்டைகளுக்கு இழுத்துப் பிடித்து நேராக்கியிருந்தார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. திரையில் கோடு வளைந்திருந்தது, அதைப் பிழை என்று எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பெண் அழுதாள். பன்னிரு சமப் பிரிவை மட்டுமே சரி என்று எழுதி வைத்த கருவி, சரியாகப் பாடியவளைத் திருத்திவிட்டது.

ஆகவே சுருதிக் கோப்பை ராகம் என்று யாரும் மயங்க வேண்டாம். அது மேளம் கட்டிய வீணை, அவ்வளவுதான். மெட்டைச் சரியாக நிறுத்திய பிறகு தந்தியை இழுத்துக் கமகம் கொடுப்பது விரல். ஆனால் மெட்டே தவறான இடத்தில் இருந்தால் விரல் எங்கிருந்து புறப்படும்? இன்று நம் பிள்ளைகள் பலரும் முதலில் கேட்டுப் பழகும் சுருதி வீட்டுக் கீபோர்டின் சுருதி. அந்தக் காதை நாம்தான் கவனிக்க வேண்டும்.

பாட்டு ஆசிரியர்களிடமும் பெற்றோரிடமும் ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். உங்கள் கீபோர்டில் ஸ்கேல் டியூன் என்றொரு பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். பல கீபோர்டுகளில் இருக்கிறது, திறந்து பார்ப்பவர் குறைவு. இல்லையென்றால் நான் சொன்ன இலவச மென்பொருள் போதும். ஷட்ஜத்தை ஒரு கட்டை சுருதியில், சி கட்டையில் வைத்துக்கொண்டு மாயாமாளவகௌளைக்கு இந்த எண்களை இடுங்கள்: ரிஷபம் 12 சென்ட் ஏற்றம், காந்தாரம் 14 இறக்கம், மத்யமம் 2 இறக்கம், பஞ்சமம் 2 ஏற்றம், தைவதம் 14 ஏற்றம், நிஷாதம் 12 இறக்கம். தம்பூராவை ஓடவிட்டுச் சரளி வரிசையை வாசியுங்கள். பழைய சுருதிக்கு மாற்றி இன்னொரு முறை. குழந்தையிடம் எது சேர்கிறது என்று கேளுங்கள், விடையை நீங்கள் சொல்லிக்கொடுக்காதீர்கள். ரிஷபத்தை 10 சென்ட் இறக்கியும் ஒருமுறை கேட்கச் சொல்லுங்கள், அதற்கும் மரபில் இடம் உண்டு. ஷட்ஜத்தை மட்டும் தொட வேண்டாம்.